இஸ்ஸி ஹேண்ட்ஸின் மரக்கால்

கால் இழந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். திரையில் மரக்கால் வைத்த கடற்கொள்ளைக்காரனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கண்ணுக்குக் கறுப்புத் துணி, தோளில் கிளி, அந்த வரிசையில் காலும் ஒரு வேஷப்பொருள். காலை இழந்த மறுநாள் அந்த மனிதன் எப்படி எழுந்தான், யார் முகத்தில் விழித்தான் என்பதைக் காட்ட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. 'அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்' தொடருக்கு அந்தப் பொறுமை இருந்தது. அதனால்தான் அதில் வரும் இஸ்ஸி ஹேண்ட்ஸைப் பற்றி எழுதுகிறேன். முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

டேவிட் ஜென்கின்ஸ் உருவாக்கிய இந்தத் தொடர் 2022 மார்ச்சில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளத்தில் வந்தது. 1717இல் கதை நடக்கிறது. பார்படோஸின் பணக்கார நிலக்கிழார் ஸ்டீட் பானெட் குடும்பத்தை விட்டுவிட்டுக் கொள்ளைக்காரனாகக் கிளம்புகிறான், பிளாக்பியர்ட் என்று உலகம் நடுங்கும் எட் என்கிற எட்வர்ட் டீச்சைச் சந்திக்கிறான், இருவரும் காதலிக்கிறார்கள். ரிஸ் டார்பி, டைகா வைட்டிட்டி இருவரும் அருமையாக நடித்திருக்கிறார்கள். ஆனால் என் மனம் முழுக்க எட்டுக்கு வலக்கை போல் இருக்கும் உதவியாளன் இஸ்ஸியிடம்தான் இருந்தது. கான் ஓ'நீல் நடித்திருக்கிறார்.

முதல் சீசனில் அவன் கடுகடுப்பே உருவானவன். கழுத்து வரை பூட்டிய கறுப்பு உடை, கரகரத்த குரல், எவனைக் கண்டாலும் வசை. ஸ்டீட்டோடு சேர்ந்து எட் சிரிப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. வாள் சண்டைக்கு அழைத்துத் தோற்கிறான். பிறகு ஆங்கிலேயக் கடற்படையிடமே போய்ப் பேரம் பேசுகிறான். தான் சேவகம் செய்வது பிளாக்பியர்டுக்கு, எட்வர்டுக்கு அல்ல என்பதுதான் அவன் நிலை. அந்தப் பிடிவாதத்துக்குள் ஒரு பயம் இருக்கிறது. பிளாக்பியர்ட் இல்லையென்றால் பிளாக்பியர்டின் வலக்கையாக இருந்தவன் யார்? அந்தக் கேள்வியை அவன் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. சீசன் முடிவில் அவன் கேட்ட பிளாக்பியர்ட் திரும்பி வருகிறான். வந்ததும் இஸ்ஸியின் கால்விரலை வெட்டி அவனையே தின்ன வைக்கிறான்.

இரண்டாம் சீசனில் எட் அவனைக் காலில் சுடுகிறான். இதற்கு வரலாற்றிலும் ஒரு வேர் உண்டு. இஸ்ரேல் ஹேண்ட்ஸ் என்ற மனிதன் உண்மையிலேயே பிளாக்பியர்டின் கூட்டத்தில் இருந்தான். ஒரு நாள் பிளாக்பியர்ட் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் துப்பாக்கியை வெடித்து அவன் முழங்காலைத் துளைத்தான், அதோடு அவன் ஆயுளுக்கும் ஊனமானான் என்று 1724இல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாறு சொல்கிறது. தொடர் அந்தக் குண்டை எடுத்துக்கொண்டு, அந்த நூல் சொல்லாத மிச்சத்தைச் சொல்கிறது.

மிச்சம் என்பது கப்பலில் இருந்தவர்கள். இஸ்ஸி நாள்தோறும் திட்டித் தீர்த்தவர்கள்தான் அவனை எட்வர்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து, அழுகும் காலை வெட்டி, உயிரோடு மீட்கிறார்கள். பிறகு கப்பலின் முகப்பில் இருந்த ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலையிலிருந்து அவனுக்கு ஒரு கால் செய்து வைக்கிறார்கள். குடித்துக் குடித்து யாரையும் அண்ட விடாமல் கிடந்தவன் அதைப் பார்த்ததும் உடைந்துபோகிறான். என் தொழிலில் இதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். செயற்கைக்கால் வந்துவிட்டது என்பதற்காக யாரும் உடனே அதைத் தன் கால் என்று நினைப்பதில்லை. மிச்சக் கால் நுழையும் உறை கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், அளவு சரியாக இருக்கும், ஆனாலும் வேட்டியை இழுத்து இழுத்து மறைப்பார்கள். வீட்டில் ஒருவர் கூசாமல் அதைத் தொட்டுப் பேசிய பிறகு நடை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இஸ்ஸிக்கு அந்த வீடு கப்பல். அவன் தன்னை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே அவர்கள் அவனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த வரிசையைச் சரியாகப் பிடித்ததற்காகவே எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

மருத்துவமாகப் பார்த்தால் குறை உண்டு. வெட்டிய இடம் ஆறி வீக்கம் வற்றவே வாரக்கணக்கில் ஆகும். இங்கே அவன் வெகு சீக்கிரம் நடமாடுகிறான். முதல் சீசனில் பத்து எபிசோடுகள், இரண்டாவதில் எட்டுதான். அந்த அவசரம் பல இடங்களில் தெரிகிறது.

ஆறாம் எபிசோடில் கப்பலில் ஒரு கொண்டாட்டம். கூட்டத்தில் ஒருவனான வீ ஜான் கடல்தேவதையாகப் பெண் வேடமிட்டு நிற்கிறான். இஸ்ஸியும் முகத்தில் ஒப்பனை போட்டுக்கொண்டு வருகிறான். எடித் பியாஃப் பாடிப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் காதல் பாட்டைப் பாடுகிறான். ஓ'நீல் மேடை இசைநாடகத்தில் 1988இலேயே லண்டன் நாடக உலகின் ஒலிவியர் விருது வாங்கியவர். முதல் சீசன் முழுக்க அந்தக் குரலைக் கரகரப்புக்குள் அடக்கி வைத்திருந்தார். இங்கே அது மெல்ல, தயக்கமில்லாமல் வெளியே வருகிறது. பாடும்போது அவன் உடம்பைப் பாருங்கள். தோள் இறங்கியிருக்கிறது, கழுத்து தளர்ந்திருக்கிறது. மரக்காலை மறைக்க அவன் மெனக்கெடவே இல்லை. கடுகடுப்பும் போய்விடவில்லை, மறுநாளும் அவன் வசைபாடுவான். அதே மனிதன், அதே வாய், பயம் மட்டும் கழன்றுவிட்டது.

கடைசி எபிசோடில் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். இதில் எனக்குத் தீராத மனத்தாங்கல். எட்டின் மடியில் சாகும்போது மன்னிப்புக் கேட்கிறான். இந்தக் கப்பலில் எல்லோரும் உன்னை நேசிக்கிறார்கள், நீ எட் ஆகவே இரு என்கிறான். எட்வர்டு வேண்டாம், பிளாக்பியர்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் வாயிலிருந்து வரும் சொல் அது. காட்சியாக அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், காலை இழந்தவன், தன் போக்கில் வாழத் தொடங்கிய வேகத்தில் செத்துப்போவதை நிறையக் கதைகளில் பார்த்துவிட்டோம். மரக்காலோடு கிழவனாகி, இளசுகளைத் திட்டிக்கொண்டே வாள்வீச்சு சொல்லிக்கொடுக்கும் இஸ்ஸியை நான் பார்க்க விரும்பினேன். 2024 ஜனவரியில் தொடரையே நிறுத்திவிட்டார்கள்; மூன்றாம் சீசன் இல்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: மொத்தம் பதினெட்டு எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம். ஆரம்பம் சற்று மந்தம். நான்காம் எபிசோடிலிருந்து சூடு பிடிக்கும். இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் ரத்தமும், தற்கொலை எண்ணம் பற்றிய காட்சிகளும் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். பாட்டுக் காட்சியை மட்டும் யாராவது வெட்டி அனுப்பினால் அப்போதைக்குத் தள்ளி வையுங்கள். விரலையும் குண்டையும் கடந்து அந்தப் பாட்டுக்கு வந்து சேருங்கள்.