செராமிக் கிளிப்பும் எங்க வீட்டு மஞ்சள் தூளும்

போன வாரம் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ரிட்டெய்னர் கம்பி (கிளிப் கழற்றிய பிறகு பல்லை நகராமல் பிடித்துவைப்பது) ஒரு முனையில் விட்டுப்போனது. கரும்பைக் கடித்ததுதான் காரணம், டாக்டரிடம் சப்பாத்தி என்று சொல்லிவைத்தேன். பத்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார். வெளியே வந்து போனைப் பார்த்தால் மேலூர் நண்பன்: "மாப்ள, பல்லை வரிசையாக்க கிளிப் போடலாம்னு இருக்கேன். செராமிக்கா, மெட்டலா?" மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறி அவனுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

எல்லோரும் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிக்குமா? கம்பியை இறுக்கிய ராத்திரியிலிருந்து இரண்டு மூன்று நாள் வலிக்கும், இட்லியே கல் மாதிரி இருக்கும், அப்புறம் மறந்துபோகும். பல் பிடுங்குவார்களா? இடம் பற்றாதவர்களுக்கு, எனக்கு நான்கு எடுத்தார்கள். வயசு? நான் போட்டது 29-ல். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயது ஒரு தடையில்லை. மொத்தம் இரண்டு வருடம் மூன்று மாதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கல்லாவில் உட்காருகிறவன், வெளியே தெரியக்கூடாது என்று 15,000 கூடக் கொடுத்து மேல் வரிசைக்கு மட்டும் பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் போட்டேன். கீழ் வரிசைக்கு டாக்டரே வேண்டாம் என்றார். செராமிக் பல் எனாமலைவிடக் கெட்டி, கடிக்கும்போது மேல்பல் அதில் உரசித் தேயுமாம். சரி என்று கீழே மெட்டல்.

செராமிக் கறைபடாது, அது உண்மை. ஆனால் கம்பியைக் கிளிப்போடு பிடித்துவைக்க ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டி ரப்பர் வளையம் மாட்டுகிறார்களே, அதுதான் வில்லன். கண்ணாடி மாதிரி நிறமில்லாத வளையம் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய் கறிக்குழம்பு, திங்கட்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்கு மட்டும் மஞ்சள் நீராட்டு விழா நடந்த மாதிரி இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, நிறம் ரப்பருக்குள்ளேயே ஊறிவிடுகிறது. மாற்றுவது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆக இரண்டு நாள் வெள்ளை, 26 நாள் மஞ்சள். வளையம் மாற்றிய வாரம் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன். "மஞ்சத்தூள் போடாம குழம்பு வைக்க இது என்ன ஆஸ்பத்திரியா" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், காசு கம்மியான கீழ் வரிசை கடைசிவரை சுத்தமாகவே தெரிந்தது. அதில் போட்டது சாம்பல் நிற வளையம், மஞ்சள் ஏறினாலும் காட்டாது.

நியாயமாகப் பேசினால், சாப்பாடு பார்த்து சாப்பிடுங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. எட்டாவது மாதம் புலம்பியபோது மேலேயும் சாம்பல் வளையம் மாற்றிக் கொடுத்தார், பாதி பிரச்சினை அன்றே தீர்ந்தது. முதலிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்டதற்குச் சிரித்தார். பல் இப்போது வரிசையாக இருக்கிறது, முன்னால் துருத்திய இரண்டும் உள்ளே போய்விட்டன, வாயைப் பொத்திச் சிரிக்கும் பழக்கம் எப்போது போனது என்றே தெரியவில்லை. கிளிப் கழற்றினாலும் வேலை முடியாது, பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதற்குத்தான் இந்த ரிட்டெய்னர். மேல்பல்லுக்கு உள்ள கண்ணாடி மாதிரித் தகட்டைக் கொதிநீரில் கழுவி வளைத்துவிட்டு, புதிதாக ஒன்று செய்ய அழுத கதை தனி.

எல்லாம் சரி, மாப்ள, செராமிக் போடாதே. மெட்டல் போடு, அடர் நீல வளையம் கேளு, கண்ணாடி வளையம், வெள்ளை, இளமஞ்சள் எதையும் தொடாதே. சந்தேகம் இருந்தால் தம்பி கல்யாணத்தில் திருப்பரங்குன்றத்தில் எடுத்த குரூப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். இடமிருந்து மூன்றாவது ஆளைப் பெரிதாக்கிப் பார்.