பழுதான மடிக்கணினி: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

பேட்டரி, விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால், சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுப் பழுதுபார்ப்பதே நல்லது. பழைய வன்தட்டை அகற்றி அதைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டியைப் பொருத்தினாலே, ஊர்ந்துகொண்டிருந்த கணினி பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு இன்னும் சில ஆண்டுகள் ஈடுகொடுக்கும்.

கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டு பழுதானால் கணக்கு மாறிவிடுகிறது. அதற்கான செலவு, 9 விழுக்காடு பொருள் சேவை வரியுடன் சேர்த்த புதிய கணினி விலையில் பாதியை நெருங்கினால், புதிது வாங்குவதே சரி என்பது என் கருத்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிக்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டாம்.

புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் விற்பனையாளர், நீங்கள் கேட்டால், பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விதி 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ளது; கொடுக்குமுன் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, வன்தட்டில் உள்ள தரவுகளை முழுமையாக அழித்துவிடுங்கள்.