குளிரில் திணறும் டீசல் வண்டிக்கு இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. டீசல் பம்ப், இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வேலைக்கென்றே போர்டு வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவு போதும். குளிரில் வண்டி முரண்டு பிடித்தால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என் வண்டியில் இருந்த குறை இதுதான். குளிரடிக்கும் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் உடனே பிடிக்காது. பிடித்ததும் வண்டியே குலுங்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சீராகிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். இதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஸ்கேனரை மாட்டினார், பிரிண்ட் எடுத்தார். ஒரு இன்ஜெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, நுனியில் படிந்திருந்த கரியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பாருங்க சார், இவ்வளவு கரி இருந்தா டீசல் எப்படி ஸ்ப்ரே ஆகும்? நாலும் போச்சு. இப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும். என் சொந்த வண்டியா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்." பிஸ்டனில் ஓட்டை என்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? நாலு புது இன்ஜெக்டர், கூலி, அவற்றை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியும் கோடிங் என்று இரண்டு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த குளிர்ந்த காலையில் அதே குலுக்கல், அதே வெள்ளைப் புகை.

போன் செய்தால், "புது இன்ஜெக்டர் சார், செட் ஆகக் கொஞ்சம் ஓடணும்." ஓட்டிவிட்டுப் போய் நின்றால், "நீங்க போடுற டீசல் சரியில்லை, பங்க்கை மாத்துங்க." மாற்றினேன். அப்புறம், "பேட்டரி வீக்கா இருக்கும்." செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தேனே! அதன் பிறகு ஓனர் எப்போது கேட்டாலும் வெளியே போயிருக்கிறார். பழைய இன்ஜெக்டரையாவது கொடுங்கள் என்றால், "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்."

கடைசியில், லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வெடுக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். பில்லோடு பின் அடித்திருந்த ஸ்கேனர் பிரிண்ட்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இன்ஜெக்டர்னு யார் சொன்னது? பி0672, பி0673ன்னுதானே போட்டிருக்கு. ரெண்டாவது, மூணாவது சிலிண்டர்ல, கரண்ட்ல சூடாகுற குளோ பிளக் இருக்கே, அதோட சர்க்யூட் கோளாறு." பிளக்குகளின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக் தலையிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்தார். நல்ல பிளக்குகள் ஒரு ஓம் பக்கம் காட்டின. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே சுருள் அறுந்துவிட்டது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். குளிரில் அந்தச் சூட்டைச் சில்லிட்ட இரும்பு இழுத்துக்கொள்ளும், அதை ஈடுகட்டத்தான் குளோ பிளக். அது செத்த சிலிண்டரில் டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும், மற்ற சிலிண்டர்கள் மட்டும் இழுப்பதால் வண்டி குலுங்கும். இதற்கான விடை அந்தக் கடையின் சொந்தத் தாளிலேயே அச்சாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மாதச் சம்பளத்தைக் கறந்திருக்கிறார்கள். குளோ பிளக் மாற்றிய செலவு அதற்கு முன்னால் வெறும் சில்லறை.

வரிசையாக விளக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரி. நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகை வந்தால் குளோ பிளக், அதற்குக் கரண்ட் விடும் ரிலே, ஃபியூஸ். புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை, ஃபில்டரையும், டீசல் பைப்பில் எங்காவது காற்று புகுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்டர்ன் டீசல் (ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசல்) அளவை டெஸ்ட் செய்து காட்டாமல் இன்ஜெக்டரில் கை வைக்க விடாதீர்கள். ஸ்கேனர் பிரிண்ட்டை வாங்கி, அதிலுள்ள பி0672 மாதிரியான கோளாறு எண் எதைச் சொல்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். இன்னொன்று, குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள், சூடான பிளக்கில் பட்டு உள்ளேயே வெடித்துவிடும்.