சிவில் படிக்க எந்த வழி: பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், "பையன் சிவில் இன்ஜினியர் ஆகணும்னு சொல்றான் சார், பிளஸ் ஒன் சேர்க்கவா, பாலிடெக்னிக்ல போடவா?" என்ற கேள்வி தவறாமல் வரும். பாலிடெக்னிக் என்றாலே மார்க் வாங்காதவர்கள் போகும் இடம் என்ற நினைப்பு தமிழ்நாட்டில் இன்னும் போகவில்லை. சிவிலைப் பொறுத்தவரை அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் காலக் கணக்கு. பிளஸ் டூவுக்கு 2 வருடம், பி.இ.க்கு 4 வருடம், ஆக 6. டிப்ளமோவுக்கு 3 வருடம், பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 வருடம். அதுவும் 6தான். கடைசியில் வாங்குவதும் அதே பி.இ. பட்டம்தான்.

நடுவழியில்தான் பெரிய வித்தியாசம். வீட்டில் திடீரென்று பணமுடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிப்ளமோ முடித்தவர் சைட் சூப்பர்வைசராக வேலைக்குப் போகலாம், ரயில்வேயிலும் எஸ்.எஸ்.சி. வழியாக மத்திய அரசுத் துறைகளிலும் ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) வேலைக்கான தேர்வுகளை எழுதலாம். பிளஸ் டூ வழியில் வந்தவர் அந்த நேரத்தில் பி.இ. முதலாம் ஆண்டைத்தான் தாண்டியிருப்பார். அதோடு நிறுத்தினால் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான். கட்டணமும் அப்படித்தான்: அரசு பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

சரி, படிப்பு? ஒரு கம்பியை வைத்தே பார்க்கலாம். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு எவ்வளவு எடை என்று டிப்ளமோ மாணவரைக் கேளுங்கள். 16ஐ 16ஆல் பெருக்கி 162ஆல் வகுத்து, 1.58 கிலோ என்று உடனே சொல்வார். எஸ்டிமேட் போட்டுப் போட்டு வந்த பழக்கம் அது. அந்த 162 ஒன்றும் மந்திர எண் இல்லை. இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. அதைக் கம்பியின் வட்டப் பரப்போடு பெருக்கிச் சுருக்கினால் 162 வந்து நிற்கும்.

அந்தக் கம்பியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. சன்ஷேடில் மெயின் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை அங்கேதான். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால், கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கிற அன்றே சன்ஷேடு விழுந்துவிடக்கூடும். இது டிப்ளமோவிலும் சொல்லித்தரப்படுவதுதான். ஆனால் எவ்வளவு கம்பி, எத்தனை ஆழம், அதிர்வு வந்தால் என்ன ஆகும், அடியில் களிமண் என்றால் அஸ்திவாரம் எப்படி என்று கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456ஐயும் மண் இயக்கவியலையும் வைத்து ஆழமாக அலசுவது பி.இ.யில்தான். அதனால் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பதவி, மேல்படிப்புக்கான கேட் தேர்வு, யு.பி.எஸ்.சி. இன்ஜினியரிங் சர்வீசஸ் எல்லாவற்றுக்கும் பி.இ. வேண்டும்.

லேட்டரல் என்ட்ரிக்காரர்களுக்கு அடி விழும் இடம் கணக்கு. டிப்ளமோவில் கணக்குப் பாடம் லேசானது. பி.இ. முதலாம் ஆண்டின் எம்-1, எம்-2 கணக்குப் பாடங்கள் இரண்டும் இவர்களுக்குக் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் காத்திருக்கும். சர்வே லேபில் முதல் ஆளாக நிற்கும் பிள்ளை எம்-3ல் அரியர் வைப்பது இதனால்தான்.

பிளஸ் டூ வழிக்கும் தனி பலம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் லேட்டரல் என்ட்ரி கிடையாது. ஜே.இ.இ. எழுதித்தான் போக வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்குப் போனால் இந்த வாய்ப்பு கைநழுவும். பல பெற்றோர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் முடிவு இதுதான். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, அல்லது 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருக்கிறது என்றால் பிளஸ் டூ. அப்படியில்லாமல், எப்படியும் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில்தான் முடியப்போகிறது என்றால் நல்ல அரசு பாலிடெக்னிக்கும் லேட்டரல் என்ட்ரியும் தெளிவாக மேல். பப்ளிக் எக்ஸாமுக்கு மனப்பாடம் செய்யும் வயதில் லெவல், தியோடலைட் போன்ற சர்வே கருவிகள் கைக்கு வந்துவிடும்.

லேட்டரலில் போகிறவர்கள் டிப்ளமோ தேர்வு முடிந்த கையோடு பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வாங்கி, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு இரண்டு பாடங்களையும் போட்டு முடித்துவிட வேண்டும். பிளஸ் டூ வழியில் வந்தவர்கள் முதலாம் ஆண்டு லீவில் பக்கத்தில் நடக்கும் ஒரு வீட்டு வேலைக்குப் போய், மேஸ்திரியிடம் கேட்டு, ஒரே ஒரு பீமுக்காவது கம்பி வெட்டும் பட்டியலைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.