ஃபோஷே: ஆங்கிலத்தில் ‘நிக்’கா, ‘ஸ்வைப்’பா?

பிரெஞ்சில் ‘ஃபோஷே’ என்றால் நீண்ட பிடி அரிவாளை வீசி அறுப்பது. பேச்சு வழக்கில் அதே சொல்லுக்கு லவட்டுவது என்றும் பொருள். அறுப்பதை ஆங்கிலத்தில் சொல்வதில் சிக்கல் இல்லை: புல்லுக்கு ‘மோ’, கதிருக்கு ‘ரீப்’. “என் சைக்கிளை யாரோ ஃபோஷே பண்ணிட்டாங்க” என்ற வரி வரும்போதுதான் மொழிபெயர்ப்பவர் பேனாவைக் கடிக்கிறார். லவட்டுவதற்கு ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘நிக்’, ‘ஸ்வைப்’ இரண்டும் உண்டு. எதைப் போடுவது?

ஊர்:
நிக் – பிரிட்டன் தெருப்பேச்சு.
ஸ்வைப் – அமெரிக்கர்களுக்குப் பழகியது.

வெட்டு வாசனை:
நிக் – சவரக்கத்தி பட்ட சிறு கீறலும் நிக்தான். வெட்டும் திருட்டும் ஒரே சொல்லில்! ஆனால் கீறல் எங்கே, அறுவடை எங்கே.
ஸ்வைப் – கையை வீசி அடிப்பது. அரிவாள் வீச்சுக்கு இதுவே நெருக்கம் என்பேன்.

குழப்பம்:
நிக் – சிறை, கைது என்றும் பொருள்படும்.
ஸ்வைப் – இப்போது கைபேசித் திரைதான் முதலில் நினைவுக்கு வரும்.

திருடுவதற்கான வழக்கமான ஆங்கிலச் சொல் ‘ஸ்டீல்’ (steal) வேண்டாம். அது பிரெஞ்சில் திருடுவதைக் குறிக்கும் ‘வோலே’ என்ற பொதுச்சொல்லுக்குச் சரி. இங்கே விறைப்பாக நிற்கும்.

லண்டன் பையன் பேசினால் நிக், நியூயார்க் வாசகருக்கு ஸ்வைப். அப்புறம், “நான் ஃபோஷே” என்று ஒருவர் சொன்னால் இரண்டுமே உதவாது. அவர் கையில் காசில்லை என்கிறார். அறுத்த கோதுமை வயல் மாதிரி வெறுமை. அதற்கு ‘ப்ரோக்’ போடுங்கள்.