சிஏ ஃபவுண்டேஷனுக்கு ஐசிஏஐ மாட்யூல் மட்டும் போதுமா? முழுதாகப் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

போதும். ஆனால் சிஏ படிப்பின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களுக்கும் ஒரே மாதிரிப் போதாது. கணக்கியலுக்கும் பிசினஸ் லாவுக்கும் கடையில் விற்கும் எந்தத் தடிமன் புத்தகத்தையும்விட ஐசிஏஐ (இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம்) வெளியிடும் பாடநூலான மாட்யூலே மேல். எகனாமிக்ஸில் அது பாதி வேலையைத்தான் செய்யும். குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூடில் கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன; வேகத்தை மட்டும் அது கற்றுத் தராது.

வாங்கும்முன் பதிப்பைப் பாருங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து புதிய பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய திட்டத்தில் நான்காம் தாள் எகனாமிக்ஸ் 60, வணிக அறிவு 40 என்று பிரிந்திருந்தது. இப்போது 100 மதிப்பெண்ணும் எகனாமிக்ஸ். சட்டத் தாளில் இருந்த ஆங்கிலக் கடிதப் பகுதியும் போய்விட்டது, அதன் இடத்தில் சட்டமே 100 மதிப்பெண்ணுக்கு விரிந்திருக்கிறது. எனவே சீனியர் கொடுக்கும் பழைய செட்டில் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடியது மூன்றாம் தாளான குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூட் ஒன்றுதான்: கணிதம் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, புள்ளியியல் 40 என்ற பங்கீடு அப்படியே இருக்கிறது. மற்றவற்றை ஐசிஏஐ தளத்திலிருந்து இலவச பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

எகனாமிக்ஸ் மாட்யூல் இரண்டு குணம் கொண்டது. முதல் ஐந்து அத்தியாயங்கள் (தேவை, அளிப்பு, உற்பத்தி, செலவு, சந்தை வகைகள், வணிகச் சுழற்சி) நிதானமாக, படங்களோடு எழுதப்பட்டவை. பிளஸ் டூவில் பொருளியல் படித்தவர் ஒரு வாரத்தில் கடந்துவிடுவார். தேசிய வருமானம், பொது நிதி, பணச் சந்தை, பன்னாட்டு வர்த்தகம் என்று வரும் பிற்பகுதி அடர்த்தியானது. பழைய திட்டத்தில் இவை அடுத்த நிலையான இண்டர்மீடியட்டில் இருந்தவை. நடையிலும் அந்தக் கனம் தெரிகிறது. நேரத்தைப் பிற்பகுதிக்கே அதிகம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் அத்தியாயங்களை மூன்று முறை ரிவைஸ் செய்துவிட்டு, பிற்பகுதியை ஒரே வாசிப்போடு தேர்வறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இந்த மாட்யூலில் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கணக்கை விட்டால் நிச்சயம் மதிப்பெண் போகும். விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆகிறது, தேவை 100-லிருந்து 80 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சதவீத முறையில் நெகிழ்ச்சி (விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) 1. பழைய, புதிய எண்களின் சராசரியை வைத்துக் கணக்கிடும் வில் நெகிழ்ச்சி முறையில் (20 ÷ 180) × (22 ÷ 2), அதாவது 1.22. இரண்டு விடையும் விருப்பங்களில் இருந்தால், எந்த முறை கேட்கிறார்கள் என்று பார்க்காதவர் சிக்குவார். பெருக்கியிலும் (செலவு கூடினால் வருமானம் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) இதே கதை. எம்பிசி (கூடுதல் வருமானத்தில் நுகர்வுக்குச் செல்லும் பங்கு) 0.8 என்றால் எளிய பெருக்கி 5. வரி விகிதம் 0.25, இறக்குமதி நாட்டம் 0.1 என்று சேர்த்தால், பகுதியில் 1 − 0.8 × 0.75 + 0.1 = 0.5, பெருக்கி 2 ஆக இறங்குகிறது. பலர் எம்பிசியை 0.75-ஆல் பெருக்காமல் வரி விகிதத்தை நேரடியாகக் கூட்டிவிடுகிறார்கள். வரி முதலில் செலவிடத்தக்க வருமானத்தைக் குறைக்கிறது, நுகர்வு அதிலிருந்துதான் வருகிறது என்ற காரணம் பிடிபட்டால் இந்தப் பிழை வராது.

தேசிய வருமானத்தில் கூட்டல், கழித்தல் குறிதான் எமன். சந்தை விலை ஜிடிபியிலிருந்து தேய்மானத்தையும் நிகர மறைமுக வரியையும் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த நிகரக் காரணி வருமானத்தைக் கூட்டினால் தேசிய வருமானம். வினாவில் ‘வெளிநாட்டுக்குச் சென்ற’ என்று இருந்தால் கழிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மைனஸும் இருந்தால் மறுபடி கூட்ட வேண்டும். எண்ணைத் தொடுமுன் வினாத்தாளில் அந்தச் சொல்லைச் சுழித்துவிடுங்கள்.

அச்சிட்ட மாட்யூலில் காலாவதியாவது பணச் சந்தை அத்தியாயத்தின் எண்கள். 2025-ல் மட்டும் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது, வங்கிகளின் ரொக்க இருப்பு விகிதம் 4 சதவீதத்திலிருந்து 3 ஆனது. புத்தகத்தில் இருக்கும் விகிதத்தை மனப்பாடம் செய்யாமல், அது ஏறினால் கடன் ஏன் சுருங்குகிறது என்ற ஓட்டத்தைப் பிடியுங்கள். நடப்பு எண்ணை ரிசர்வ் வங்கி அறிவிப்பிலிருந்து எடுத்துப் பென்சிலில் ஓரத்தில் குறித்தால் போதும்.

மூன்றாம், நான்காம் தாள்கள் இரண்டு மணி நேரத்தில் 100 கொள்குறி வினாக்கள். ஒன்றுக்கு 72 வினாடி. தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். இந்தக் கழிவுக்குப் பயந்து முப்பது வினாக்களை வெறுமனே விடுபவர்கள் உண்டு. அது தேவையில்லாத பயம். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தேர்ந்தாலும் சராசரியாக 0.06 கிடைக்கும், அதை நம்பி இறங்க வேண்டாம். ஆனால் இரண்டு விருப்பங்களை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி 0.375. அந்த வினாவை விடவே கூடாது. மாதிரித் தேர்வுத் தாள்களான எம்டிபிகளைக் கடிகாரம் வைத்துப் போட்டால்தான் இந்த நீக்கும் பழக்கம் கைவரும். அதனால்தான் எகனாமிக்ஸுக்கு மாட்யூல் பாதி என்றேன்.

குவாண்டுக்கு வருவோம். அனுமதிக்கப்படுவது 12 இலக்கச் சாதாரணக் கால்குலேட்டர், சயின்டிஃபிக் கிடையாது. பணத்தின் கால மதிப்பு அத்தியாயத்தை மாட்யூல் அட்டவணையும் சூத்திரமுமாக விளக்குகிறது. தேர்வறையில் காப்பாற்றுவது விடைகளின் கூட்டுத்தொகையைத் தரும் ஜிடி பொத்தான். 10 சதவீதத்தில் மூன்றாண்டு ஆன்யுட்டி (ஆண்டுதோறும் சமத் தவணை) காரணி வேண்டுமா? சிட்டிசன் வகையில் 1 ÷ 1.1 போட்டு = பொத்தானை மூன்று முறை அழுத்தி, ஜிடி தட்டினால் 2.48685. கேசியோவில் 1.1 ÷ ÷ 1 என்று போட்டுவிட்டு = மூன்று முறை, பிறகு ஜிடி. ஒரு லட்சம் கடனை இதனால் வகுத்தால் ஆண்டுத் தவணை சுமார் 40,211 ரூபாய். முன் கணக்கின் தொகை ஜிடியில் தங்கியிருந்தால் விடை கெட்டுவிடும், எனவே ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். தேர்வுக்கு முதல்நாள் புதுக் கால்குலேட்டர் வாங்குவது ஆபத்து, கை வேறு வரிசைக்குப் பழகியிருக்கும்.

கணக்கியல் மாட்யூலின் இல்லஸ்ட்ரேஷன்களை விடையை மறைத்துக்கொண்டு கையால் எழுத வேண்டும், வொர்க்கிங் நோட் உட்பட. வாசித்துப் புரிந்ததெல்லாம் எழுத வராது என்பது வங்கிச் சரிக்கட்டும் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ரொக்க ஏட்டின்படி ஓவர்டிராஃப்ட் 5,000, வழங்கியும் வங்கிக்குப் போகாத காசோலை 1,200 என்றால், பாஸ்புக்கில் ஓவர்டிராஃப்ட் 3,800. சாதகமான இருப்பில் கூட்டிப் பழகிய கை இங்கேயும் கூட்டி 6,200 என்று எழுதும். சட்டத்துக்கு ஐசிஏஐ வெளியிடும் மாதிரி விடைகளான சஜஸ்டட் ஆன்சர்ஸ் முக்கியம். சட்டப்பிரிவு என்ன சொல்கிறது, வினாவின் நிகழ்வு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்ற மூன்று படியில் விடை கட்டப்பட்டிருப்பதை அதில்தான் காணலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், நான்கும் சேர்த்து 200 வேண்டும். நான்கிலும் 40 வாங்கினால் 160, தேர்ச்சி இல்லை. சட்டத்தில் 45-க்கு மேல் எட்டாதவர் மற்ற மூன்றில் 155 எடுத்தாக வேண்டும். அதை எகனாமிக்ஸும் கணக்கியலும் தரக்கூடும் என்பதால், அச்சு மாட்யூல் வாங்கும் பணத்தை எம்டிபிகளை அச்சடிப்பதில் செலவிடுங்கள். மாட்யூல் பிடிஎஃப்பாகவே இருக்கட்டும்.