குன்னூர் பக்கம் கல்யாணத்துக்கு ட்ரோன் பேசுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் விசேஷத்துக்கு ட்ரோன் ஷூட் பேசியிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மலைக்குக் கீழே இருந்து வந்த ஒரு வீடியோ குழு எங்களை ஏமாற்றிவிட்டது.

ட்ரோனுக்கு மட்டும் 18,000 ரூபாய், முழுசும் அட்வான்ஸாகவே வாங்கிக்கொண்டார்கள். பெர்மிஷன் பற்றி அண்ணன் கேட்டதற்கு, "அதெல்லாம் எங்க பொறுப்பு சார், ரெண்டு கிலோவுக்குள்ள இருந்தா லைசென்ஸே வேண்டாம்" என்று சொன்னார்கள். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள மைக்ரோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது வணிகமில்லாத உபயோகத்துக்கு மட்டும்தான். காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் சான்றிதழ் கட்டாயம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் வேண்டும்.

முகூர்த்தம் முடிந்து ட்ரோனை மேலே ஏற்றிய கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்துவிட்டது. ராணுவப் பயிற்சிக் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் கார்டைட் தொழிற்சாலையும் இருக்கிற பகுதி, வராமல் இருப்பார்களா? அனுமதி கேட்டால், ஆபரேட்டர் எடுத்து நீட்டியது வேறு ஏதோ மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்காக ஸ்டேஷனில் வாங்கிய பழைய கடிதம். ட்ரோனை எடுத்துக்கொண்டு போனார்கள். தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணைப் பெற்றவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்தார், பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "தமிழ்நாடு அரசு திடீர்னு தடை போட்டுட்டாங்க, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். சுத்தப் பொய். சிவப்பு மண்டலத்தில், அதாவது ட்ரோனுக்குத் தடை உள்ள வான்பகுதியில், பறக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் அதற்கு ஈடாகாது. மாநில அரசும் போலீசும் தற்காலிகமாகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி உத்தரவு போட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் போகாது. அன்றைக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று ஸ்டேஷனிலேயே சொன்னார்கள்.

இதே குழு முதுமலை, மசினகுடி பக்கமும் "ஏரியல் ஷாட்" எடுத்துத் தருகிறோம் என்று விலை சொன்னது. அது புலிகள் காப்பகம், வனத்துறையைக் கேட்காமல் அங்கே ட்ரோன் எடுத்துப் போனால் வனச் சட்டத்தில் வேறு மாட்டுவீர்கள். யானை மிரண்டால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற நமக்குச் சொல்லத் தேவையில்லை.

பேசும்போதே ட்ரோனின் பதிவு எண், பைலட் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் நீங்களே பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ட்ரோன் பணம் முழுசாகத் திரும்ப வரும் என்று எழுதி வாங்கின பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஜிபே ரசீதையும் பேசின மெசேஜையும் அழிக்காதீர்கள், 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியலாம். நாங்கள் பதிந்துவிட்டோம்.